பொடியள் கொண்டு வருவினம்

ஜனவரி 19, திங்கள்

கத்துவதை நிறுத்துங்கள், கத்தத் தோன்றும்போதெல்லாம் எழுதுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரியையும் ரத்த அழுத்த மாத்திரையையும் மனைவி அகிலா மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். முதல் பக்கத்தில் பெயரும் தொழிலும் எழுத இடம் விட்டிருக்கிறான். தங்கப்பிரகாசம், சப் இன்ஸ்பெக்டர், ஓய்வு. இப்போது புதுக்கோட்டைச் சாலையில் ஒரு கல்லூரியின் பாதுகாப்பு அலுவலர். அதாவது வாசல் காவல்காரர்களுக்குத் தலைவன். தாளாளர் கண்ணுக்கு நானும் ஒரு காவல்காரன்தான்.

இன்று கத்தத் தோன்றிய விஷயம் இது. கம்ப்யூட்டர் லேபில் இரண்டு லேப்டாப்பைக் காணவில்லை. தாளாளர் அறையில் கூட்டம் போட்டார்கள். இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஐந்து பிள்ளைகள் நம் கல்லூரிக்கு வருகிறார்கள். நாளை முதல் அவர்களை வாசலில் தனியாக நிறுத்தி, பையைத் திறந்து பார்த்து, கையெழுத்து வாங்கி உள்ளே விட வேண்டுமாம். "அவங்க மேல சந்தேகம்னு இல்ல, ஒரு பயம்தான்" என்றார் தாளாளர். லேப் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில், உன் வேலை வாசலில் என்று எழுதியிருந்தது. "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். உத்தியோகத்தில் பழகிய வாய், அதுவாகச் சொல்லிவிடுகிறது.

வீட்டில் சாம்பார். மகள் தேன்மொழிக்குச் சம்பல் வேண்டுமாம். சம்பல் என்றால் என்ன என்று கேட்டேன். தேங்காய்ச் சட்னி மாதிரிதான், ஆனால் சட்னி இல்லை என்றாள். இதே கல்லூரியில் எம்.சி.ஏ. படிக்கிற பெண் சொல்கிற விளக்கமா இது?

ஜனவரி 20, செவ்வாய்

வாசலில் இரண்டு வரிசை. பெரிய வரிசையில் எல்லோரும், சின்ன வரிசையில் ஐந்து பேர். பெரிய வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

சின்ன வரிசையில் முதல் ஆள் கஜீபன். தேனுவின் வகுப்புதான், கடைசி வருடம். ஒல்லியாக, நெட்டையாக, தலைமுடி சொன்ன பேச்சைக் கேட்காத பையன். நான் வாயைத் திறப்பதற்குள் பையைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டான். இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றான். "பாருங்கோ ஐயா" என்றான். கோபம் இல்லை, கேலி இல்லை. பிறந்ததிலிருந்து சோதனை செய்யப்பட்டே வளர்ந்த உடம்பு அப்படித்தான் நிற்கும் போலிருக்கிறது.

எத்தனையோ பேர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்திருக்கிறேன். முறைப்பார்கள், கெஞ்சுவார்கள், அமைச்சரைத் தெரியும் என்பார்கள். இவன் ஒத்துழைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. கையைக் கீழே போடு தம்பி என்றேன்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். தேசிய கீதத்தைச் சுருதி பிசகாமல் கடைசிவரை பாடியவர்களில் நான் பார்த்தவரை ஐந்து பேரும் இருந்தார்கள். பாடி முடித்து வெளியே போகும்போது வாசல் காவல்காரன் செபாஸ்டின் அவர்களை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னான். உத்தரவு உள்ளே வருகிறவர்களுக்குத்தானே, வெளியே போகிறவர்களுக்கு என்னடா என்று கேட்டேன். பழகிவிட்டது சார் என்கிறான். செபாஸ்டின் நல்லவன், சொன்னதைச் செய்வான். சொல்லாததையும் செய்கிறான், அதுதான் வினை.

ஜனவரி 29, வியாழன்

தேனு இப்போதெல்லாம் புட்டுக் கேட்கிறாள். தேங்காய்ப்பூ எந்த இடத்தில் எவ்வளவு வர வேண்டும் என்று அம்மாவுக்கே பாடம் எடுக்கிறாள். தினமும் இரண்டு சாப்பாட்டு டப்பா கொண்டு போகிறாள். இரண்டாவது யாருக்கு என்றேன். தோழிக்கு, அவளுக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நல்ல மனசு. என் பெண் அல்லவா.

காலையில் கஜீபன் பையில் நம் வீட்டில் இருப்பது போலவே நீல மூடி டப்பா. திருச்சியில் எல்லாக் கடையிலும் இதைத்தான் விற்கிறான் போல. நேற்று மதியம் அவன் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டதையும் ரோந்து போகும்போது பார்த்தேன். எலுமிச்சை சாதம், நிலக்கடலை தூக்கல். அகிலாவைப் போலவே சமைக்கிறவர்கள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் கொஞ்சம் சந்தோஷம்.

இரவுச் சாப்பாட்டில் தேனு என்னைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து பேருக்குத் தனி வரிசை போட உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்றாள். உத்தரவு என்றேன். உத்தரவு போட்டவர் வீட்டில் தூங்குகிறார், வாசலில் நிற்பது நீங்கள்தானே என்றாள். பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன். கத்திய பிறகுதான் டைரி ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 2, திங்கள்

வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. கஜீபனை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தார்களாம். மதியம் வாசலுக்கு வந்து காவல்காரர்கள் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தான். எனக்கு மட்டும் இரண்டு. சாயங்காலம் அவர்களே கூப்பிட்டு, பாஸ்போர்ட் நகல் கேட்டிருக்கிறார்கள். அகதி அடையாள அட்டையைக் காட்டியிருக்கிறான். தகவல் சொல்கிறோம் என்று விட்டார்கள்.

வெளியே போகும்போது பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் கூட்டம் இருக்குமா ஐயா என்று கேட்டான். எனக்கு அந்த மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. அதற்குள் தின்றுவிட்டிருந்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

தேனு இன்னும் என்னோடு பேசவில்லை. எரிவாயு உருளை வந்தது. துணி காயவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

நாளை கல்லூரியில் உணவுத் திருவிழா. ஒவ்வொரு குழுவும் ஒரு கடை போடுகிறது. முகாம் பிள்ளைகளும் ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள், கொத்து ரொட்டியும் புட்டும்.

காலையில் செபாஸ்டின் என் அறைக்கு ஓடி வந்தான். கஜீபன் சுவரோரம் நின்று போனில் பேசியதைக் கேட்டானாம். மறந்துவிடக் கூடாது என்று அப்படியே எழுதிக்கொண்டு, முதல்வரிடமும் காட்டிவிட்டு என்னிடம் வந்தான். என்னிடம் வந்துவிட்டு முதல்வரிடம் போயிருக்கலாம். எழுதியது இதுதான்: "சாமான் எல்லாம் ரெடி. பொடிய பின்னேரம் கொண்டு வருவினம். முன் வாசல் வேண்டாம், செக் பண்ணுவினம். பின்பக்கத்தால எடுப்பம்."

பொடி. பிள்ளைகளைக் கெடுக்கிற அந்தப் பொடி. முதல்வருக்கு வியர்த்துவிட்டது. சாயங்காலம் பின் வாசலில் ஆள் போட்டோம். சொன்னபடியே ஒரு லோடு ஆட்டோ வந்தது. முகாம் இளைஞர்கள் மூன்று பேர், ஒரு பெரிய ரொட்டிக் கல், ஒரு மூட்டை தேங்காய், அப்புறம் பெயர் ஒன்றும் ஒட்டாத பாலித்தீன் பைகளில் வெள்ளை மாவு.

கஜீபனை முதல்வர் அறைக்குக் கூட்டி வந்தார்கள். பொடி கொண்டு வரச் சொன்னியா என்று முதல்வர் கேட்டார். "ஓம் ஐயா, நான்தான் வரச் சொன்னனான்" என்றான். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவன் வாயை மூடினான். பிறகு என்ன கேட்டும் பதில் இல்லை.

நான் மாவை எடுத்து வாயில் போட்டேன். வறுத்த அரிசி மாவு. சொன்னேன். மாவு மேலே, உள்ளே என்ன என்றார்கள். விடுதிச் சமையலறையிலிருந்து சல்லடை கொண்டு வந்து, இரண்டு பேராசிரியர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு சலித்தார்கள். கீழே மாவு விழுந்தது. மேலே கப்பி நின்றது. அப்படியென்றால் சரக்கு முன்னாலேயே கை மாறியிருக்கும் என்றார் தாளாளர்.

புதன்கிழமை விசாரணை. அதன்பிறகு போலீசில் ஒப்படைப்பதாம். முகாம் பையன் மேல் ஒரு வழக்கு விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையை விடுங்கள், முகாமை விட்டு வெளியே போக அனுமதி கேட்கும்போதெல்லாம் அந்த வழக்கு அவனுக்கு முன்னால் போய் நிற்கும். வழக்கு பொய் என்று தீர்ப்பு வருவதற்குள் அவனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிடும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

திருவிழா நன்றாக நடந்தது என்று சொல்கிறார்கள். எல்லாக் கடையிலும் கூட்டம். முகாம் பிள்ளைகளின் மேசை மட்டும் காலி. 'வாங்கோ, சாப்பிடுங்கோ' என்று எழுதிய அட்டை மட்டும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் கழற்றத் தோன்றவில்லை, எனக்கும்.

தேனு சீக்கிரமே வீட்டுக்கு வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அகிலா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னேன், செபாஸ்டின் எழுதியதை அப்படியே மனப்பாடமாக. பொடிய பின்னேரம் கொண்டு வருவினம் என்று அவனே சொல்லியிருக்கிறான், நான் என்ன செய்ய முடியும் என்றேன்.

தேனு தலையைத் தூக்கினாள்.

"பொடிய இல்லப்பா, பொடியள்."

"என்ன?"

"பொடியள். பசங்கன்னு அர்த்தம். பசங்க சாயங்காலம் கொண்டு வருவாங்கன்னு சொல்லியிருக்காரு. கடைசியில ஒரு ள் இருக்கு, அது செபாஸ்டின் அண்ணன் காதுல விழல. அவ்வளவுதான்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு கல்லூரியே மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அலைந்தது ஒரு ள்ளுக்காகவா என்று. ஓம் என்றால் ஆமாம் என்பதும், பொடியளை வரச் சொன்னாயா என்று கேட்கிறார்கள் என நினைத்து அவன் ஆமாம் சொன்னதும் அப்போதுதான் புரிந்தது. பின் வாசல் ஏன் என்றேன். முன் வாசலில் அவரோடு வருகிறவர்களையும் தனி வரிசையில் நிற்க வைப்பீர்கள், விருந்தாளி மாதிரி வருகிறவர்களுக்கு அது வேண்டாம் என்று நினைத்திருப்பார் என்றாள்.

அப்புறம் சிரிப்பு நின்றது. போலீஸ்காரன் மூளை மெதுவாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் செய்கிறது. வேறு இரண்டு வார்த்தை அவளிடம் கேட்டேன், அதற்கும் அர்த்தம் தெரிந்திருந்தது. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அகிலா என் தட்டைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ரசம் விடவா என்றாள். அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது, இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

சம்பல், புட்டு, நீல மூடி டப்பா. எலுமிச்சை சாதம் அகிலாவுடையதேதான். துப்பறிவதில் சர்டிபிகேட் வாங்கினவன் நான்.

பிப்ரவரி 11, புதன்

விடியும் முன்பே எழுந்துவிட்டேன். ஸ்கூட்டரைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, யாரையும் அடிக்க வேண்டியதில்லை. இன்று விசாரணையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும். பையன் போலீசுக்குப் போய்விடுவான். என் பெண்ணின் வாழ்க்கையிலிருந்தும் போய்விடுவான். கொஞ்ச நாள் அழுவாள், பிறகு சரியாகிவிடும். ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்து முடிக்கும்வரை அந்த யோசனை என்னோடு இருந்தது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. கிளம்பும்போது தேனு வாசலில் நின்றாள். டிபன் டப்பாவை மட்டும் கையில் கொடுத்தாள்.

விசாரணை. தாளாளர், முதல்வர், இரண்டு பேராசிரியர்கள். கஜீபன் ஓரமாக நின்றான். உட்காரச் சொல்லவில்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தான். பிறகு செபாஸ்டினைக் கூப்பிட்டு அவன் எழுதியதைப் படிக்கச் சொன்னேன். படித்தான்.

"செக் பண்ணுவினம்னு இருக்கே, யாரு செக் பண்றது?" என்று கேட்டேன்.

"நாமதான் சார்."

"அப்ப பண்ணுவினம்னா பண்ணுவாங்க. ஆளுங்களைச் சொல்றது, சரியா?"

"ஆமா சார்."

"அப்ப கொண்டு வருவினம்னா?"

செபாஸ்டின் காகிதத்தை இன்னொரு முறை படித்தான். "ஆளுங்க கொண்டு வருவாங்கன்னு வருது சார்" என்றான்.

எந்த ஆளுங்க என்பதுதான் அதற்கு முந்தின வார்த்தை, பொடியள், பையன்கள் என்று சொன்னேன். பொடியைத் தானே கொண்டு வருவதாக இருந்தால் வருவன் என்று சொல்லியிருப்பான் என்றேன். அவர்கள் கஜீபனைப் பார்த்தார்கள். அவன் விசாரணையில் முதல்முறையாக வாயைத் திறந்து, லோடு ஆட்டோவில் வந்த மூன்று பொடியளின் பெயரையும் சொன்னான். இருவர் அவனுடைய சித்தி மகன்கள், ஒருவன் பக்கத்து வீடு.

முதல்வர் தண்ணீர் குடித்தார். இவ்வளவு இலங்கைத் தமிழ் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று தாளாளர் கேட்டார். வீட்டில் சொன்னார்கள் என்றேன். கஜீபன் சட்டென்று என்னைப் பார்த்தான். காது வரை சிவந்துவிட்டது. நானும் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

போலீஸ் வேண்டாம் என்று முடிவானது. ஆனாலும் பின் வாசல் வழியாகக் கொண்டு வந்தது தவறு, எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்றார் தாளாளர். முன் வாசலில் தனி வரிசை இல்லாமல் இருந்தால் அவன் ஏன் பின் வாசலைத் தேடப் போகிறான் என்று நான் சொன்னேன். உங்கள் வேலை வாசலில் நிற்பது என்றார்.

"நிக்கிறேங்க ஐயா. ஆனா இனிமே ஒரே வரிசைதான். பார்க்கணும்னா எல்லார் பையையும் பார்க்கிறேன், இல்லைன்னா யார் பையையும் பார்க்க மாட்டேன். இது ஒத்து வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்குங்க."

கத்தாமல் சொன்னேன். டாக்டர் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்.

பிப்ரவரி 13, வெள்ளி

வேறு ஆளைப் பார்க்கவில்லை. எல்லோர் பையையும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பார்த்தேன். இயற்பியல் பேராசிரியர் பையில் தலைச்சாயம். முதல்வர் கார் டிக்கியில் மனைவியின் வெயிட் குறைக்கிற மிஷின். தாளாளர் காரையும் நிறுத்தினேன். டிரைவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். வரிசை சாலைவரை நீண்டது. கஜீபன் நடுவில் எங்கேயோ, இன்னொருவனோடு கிரிக்கெட் பேசிக்கொண்டு நின்றான். பெரிய வரிசையில் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

சோதனையே வேண்டாம், அடையாள அட்டை பார்த்தால் போதும், எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சுற்றறிக்கை. தாளாளர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நேற்று அவர் காரில் உட்கார்ந்தபடி அரை மணி நேரம் வரிசையில் நின்றார்.

லேப்டாப் இரண்டும் கிடைத்துவிட்டன. பழுது பார்க்க அனுப்பிவிட்டுச் சொல்ல மறந்து, லேப் பொறுப்பாளர் விடுப்பில் ஊருக்குப் போயிருக்கிறார். ஐந்து பேரிடமும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. செபாஸ்டின் மட்டும் கஜீபனைக் கேண்டீனுக்குக் கூட்டிப்போய் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தான். திரும்பி வந்து, ஓம், ஓம் என்று எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

தேனு என்னோடு பேசுகிறாள். நான்தான் அந்த விஷயத்தைப் பேசவில்லை. விசாரணை முடிந்த நாளிலிருந்து வீட்டில் எல்லாமே என் முகத்தைப் பார்த்து நடக்கிறது. காப்பிக்குக்கூடச் சர்க்கரை சரியாக இருக்கிறது.

இன்று அகிலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள். என்ன முடிவு செய்திருக்கிறீர்கள் என்றாள். யோசிக்க வேண்டும் என்றேன். பையன் நல்லவன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்குத் தெரிந்து அவனைவிடக் குணமான பையன் அந்தக் கல்லூரியில் இல்லை. ஆனால் அவனுக்கு ஊர் எது? இங்கே பிறந்தும் குடியுரிமை இல்லை. பாஸ்போர்ட் இல்லை, இருந்த வேலையும் கைக்கு வந்து போனது. நாளைக்கே திரும்பிப் போ என்றால் என் பெண் எங்கே போவாள்? அவள் பிள்ளைகள் எந்த வரிசையில் நிற்பார்கள்? இதையெல்லாம் அகிலாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். எனக்கு அவன் மேல் பாரபட்சம் எதுவும் இல்லை, ஒரு பயம்தான் என்றேன்.

அகிலா கீரைக் காம்பை ஒடிப்பதை நிறுத்தினாள்.

"உங்க தாளாளரும் இதையேதானே சொன்னாரு."

பிறகு அவள் பாட்டுக்குக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மதியம் கூட்டு நன்றாக இருந்தது. நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

சாயங்காலம் கஜீபனைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். எழுந்து நின்றான். உட்கார் என்றேன், உட்காரவில்லை. அதனால் நானும் நின்றேன். சட்டம் படித்து வக்கீலைப் பார்த்து வந்தவன் போலத் தயாராக இருந்தான். ஐயா வேண்டாம் என்றால் தேனை இனிமேல் பார்க்க மாட்டேன், ஆனால் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றான். தேன் என்று கூப்பிடுகிறான். நாங்கள் தேனு என்போம்.

என் பயத்தையெல்லாம் அவனிடமும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றான். எனக்கும் அதே பயம் இருக்குது ஐயா, அதை நான் அவளிடம் முதல் நாளே சொன்னேன் என்றான். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறானாம், தெரிந்த வக்கீல் ஒருவர் பார்க்கிறாராம். கிடைக்கும் என்று சத்தியம் செய்யவில்லை. செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வீட்டில் யார் யார் என்று கேட்டேன். அம்மா மட்டும்தான். அப்பா பெயின்ட் வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அம்மா தையல் தைக்கிறார். இந்த விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. அம்மா திருச்சிக்கு வந்து உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு மாவட்டம், முதலில் அனுமதி எழுதி வாங்க வேண்டும், கொஞ்சம் நாள் பிடிக்கும் என்றான். பஸ் வந்தது. ஏறிக்கொண்டு, பஸ் வளைவில் திரும்பும்வரை என்னைப் பார்த்தபடி படியிலேயே நின்றான்.

அவனை எனக்குப் பிடித்திருக்கிறது. அகிலாவிடம் இதைச் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 1, ஞாயிறு

காலையில் நானே அகிலாவை எழுப்பினேன். பட்டுப் புடவை கட்டு என்றேன். அவள் ஏன் என்று கேட்கவே இல்லை. பூ, பழம், வெற்றிலை, ஒரு பெட்டி அல்வா எல்லாம் நேற்றே வாங்கி வைத்திருக்கிறாள். தேனுவை வீட்டிலேயே இருக்கச் சொன்னோம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அப்பா என்று கூப்பிட்டாள். நேரமாகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முகாம் வாசலில் சின்ன வயசுக் காவலர் ஒருவர் எங்களை நிறுத்தினார். யாரைப் பார்க்க வேண்டும், என்ன உறவு என்று கேட்டார். யோகமலர் என்று கஜீபனின் அம்மா பெயரைச் சொன்னேன். உறவு என்ன என்று மறுபடியும் கேட்டார். இன்னும் இல்லை, உள்ளே போய் வந்து சொல்கிறேன் என்றேன். அவர் அகிலா கையிலிருந்த தட்டைப் பார்த்தார். வழி விட்டார்.

அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வீடுகள். அதில் ஒரு வீட்டு முன்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டி சட்டையில் போனாலும் போலீஸ்காரனின் நடை மாறாது போலிருக்கிறது. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். கஜீபன் எங்கள் பின்னால் ஓடி வருவதையும் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கையைக் கூப்பிக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"என்ர பிள்ளை என்ன பிழை விட்டவன் ஐயா?"

வரும் வழியெல்லாம் நான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் இல்லை. அகிலா தட்டை அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதை வாங்கத் தெரியாமல் நின்றார்.

"பிழை ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "முறைப்படி பொண்ணு கேட்டு நீங்கதான் எங்க வீட்டுக்கு வரணும். நீங்க வெளிய வர அனுமதி வாங்கணும்னு தம்பி சொன்னாரு. அதான், பொண்ணு வீட்டுக்காரங்க நாங்களே கேட்டுக்கிட்டு வந்துட்டோம்."

அவர் திரும்பி மகனைப் பார்த்தார். பிறகு என்னை. தட்டை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அகிலா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.